முதுகுக்காரன்

முதன்முதலாக ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள் விலை கூடியதை வாங்கக் கூடாது என்பதுதான் எப்போதும் என் கருத்து. எங்கள் கடைக்கு வந்துபோன யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்லியிருப்பேன். புதியவர் கையில் எந்த ட்ரோனும் முதலில் மரத்தில் மாட்டும், சுவரில் மோதும், தண்ணீரில் விழும். விழப்போகிற பொருளுக்கு எதற்கு அவ்வளவு செலவு? எடை குறைவாக இருக்க வேண்டும். இறக்கைகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையம் இருக்க வேண்டும். உடைந்த பாகம் கேட்டதும் கிடைக்க வேண்டும், படம் ஓரளவு தெளிவாக வர வேண்டும். அத்தானுக்கும் அப்படிப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஏன் அந்த மாடல் என்றுதானே முதலில் கேட்டீர்கள். முழுதாகவே சொல்கிறேன். அந்த டீயை மட்டும் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆடை படிந்துவிட்டது.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். குழாய் வேலை பார்ப்பவர். அடைத்துக்கொண்ட தொட்டி, கழிவறைக் குழாய் என்று யார் கூப்பிட்டாலும் ஓடுவார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவர்கள் வீட்டில்தான் ஓர் அறையில் இருக்கிறேன். "தனியா கிடந்து எதுக்குக் கஷ்டப்படுற, எங்ககூட வந்து இரு" என்று கூப்பிட்டது அவர்தான், அக்கா இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் நன்றி மறந்தவன் இல்லை.

அவர் வேலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார், ஒப்புக்கொள்கிறேன். என் சங்கடம் வேறு. அவர் வாயைத் திறந்துகொண்டு மெல்லுவார். மென்றது உள்ளே புரள்வது தெரியும். சாப்பிட்டு முடித்ததும் நாக்கால் பல்லிடுக்கைத் துழாவி எதையோ வெளியே எடுப்பார், விரல் நுனியில் வைத்துப் பார்ப்பார், மறுபடி வாயில் போட்டுக்கொள்வார். சோபாவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவார். அது எங்கே தெறிக்கிறது என்று பார்க்கிற பழக்கம் கிடையாது, ஒருமுறை என் தலையணை உறைக்குள் ஒன்று கிடந்தது. குளித்த ஈரத் துண்டை என் நாற்காலியில்தான் போடுவார். எந்த நேரமும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும், தோளில் கை வைத்தால் உள்ளங்கை நனைந்துவிடும். எனக்குக் குமட்டும். இதில் ஒன்றைக்கூட நான் அவரிடம் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மரியாதை தெரிந்து வளர்ந்தவன் நான்.

இந்த வருடம் அக்கா படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது, நாங்கள் இருப்பதோ உச்சி மாடி. இறங்கவும் முடியாமல், ஏறவும் முடியாமல் மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்தாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் ஏசிப் பெட்டிகள் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஒரு மாலை அத்தான் வேலை உடையோடு நேராகக் கடைக்கே வந்துவிட்டார். நான் அப்போதுதான் துடைத்து வைத்திருந்த கண்ணாடி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

"மச்சான், எனக்கு ஒரு ட்ரோன் வேணும். கேமரா வச்சது."

"உங்களுக்கு எதுக்கு அத்தான் அதெல்லாம்?"

"எனக்கா? உங்க அக்காவுக்கு. நாலு சுவத்தையே பாத்துப் பாத்து அவ பேச்சையே குறைச்சிட்டா. பின்னாடி ஏரி ரொம்பிக் கிடக்குதாம். அவளைத் தூக்கிட்டுப் போய்க் காட்ட என் இடுப்பு தாங்காது. ஏரியைத் தூக்கிட்டு வந்துடலாம்னு பாக்குறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபோது எச்சில் தெறித்து மேசையில் ஒரு துளி விழுந்தது. அவர் பேசி முடிக்கிறவரை நான் அந்தத் துளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கைகாட்டியது வேறு மாடல். ரிமோட்டில் இருக்கிற குச்சியிலிருந்து விரலை எடுத்தால் ஆகாயத்தில் ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கும், எதிரே ஏதாவது வந்தால் தானாக நின்றுவிடும். விலை கேட்டதும் கையை இழுத்துக்கொண்டார். அதே மாடலில் ஒன்றை ஒரு வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்திருந்தார். பெட்டி பிரித்த உருப்படி என்பதால் அத்தானுக்குக் கட்டுப்படியாகிற விலைதான். அது எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, சொல்லவில்லை. "கத்துக்கிறவங்களுக்கு இதுதான் அத்தான் சரி, கை பழகும்" என்று மலிவான மாடலை எடுத்து வைத்தேன். இது ஓரிடத்தில் நிற்காது. காற்று தள்ளுகிற பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும், விரலால் சதா இழுத்துப் பிடிக்க வேண்டும். இதில் கற்றவர்களுக்குக் கை நன்றாகத் திருந்தும் என்பார்கள், அது பொய்யில்லை.

"நீ சொன்னா சரிதான். இதுல கரை கண்டவன் நீ" என்று வாங்கிக்கொண்டார்.

புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எங்கள் கடையில் ஒரு முறை வைத்திருக்கிறோம். மேலே பார்க்கிறவன் கீழே பார்க்க மாட்டான். ட்ரோன் போகிற போக்கில் கால் போய்க்கொண்டே இருக்கும், முன்னால் பள்ளமா பின்னால் படியா என்று தெரியாது. அதனால் இன்னொருவர் பின்னால் நிற்பார். முதுகுக்காரன் என்று சொல்வோம். முதுகுக்காரன் பேசக் கூடாது, பேசினால் பறக்கவிடுகிறவர் திரும்பிப் பார்ப்பார், அந்த நேரத்தில் ட்ரோன் எங்காவது போய் மோதும். ஆபத்து என்றால் தோளில் கை வைக்க வேண்டும். கை பட்டால் நின்றுவிடு. கை படாதவரை பின்னால் வழி சுத்தம். பாடம் இவ்வளவுதான். இதை என்னைப்போல் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று முதலாளியே சொல்வார்.

அத்தானுக்கு ஒரு காலி மைதானத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு முதுகுக்காரன் நான். ஒருமுறை பின்னால் நடந்து நடந்து வாய்க்கால் ஓரத்துக்குப் போய்விட்டார். தோளில் கை வைத்தேன். தூக்கிய காலை அப்படியே பழைய இடத்தில் வைத்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனிதர் இன்னொருவரை இவ்வளவு நம்ப முடியுமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கையை எடுத்தபோது சட்டை ஈரம் உள்ளங்கை முழுக்க ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன், பிறகு கைக்குட்டையையும் தூக்கி எறிந்துவிட்டேன்.

ட்ரோன் முகத்துக்கு நேரே வந்தால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று செய்வார்கள். சிலர் குனிவார்கள், சிலர் பக்கவாட்டில் ஒதுங்குவார்கள். அத்தான் சிரித்துக்கொண்டே பின்னால் போவார். நான் சும்மா கவனித்து வைத்துக்கொண்டேன், தொழில் பழக்கம்.

ஏரியைப் படம் பிடித்துக் கொண்டுவந்து அக்காவுக்குப் போட்டுக் காட்டினார். ஆட்டம் ஆடிய படம். அடிவானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, எனக்குப் பார்க்கவே தலை சுற்றியது. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அழுதாள். பிறகு முகத்தை அவர் தோளில் வைத்து, அந்தச் சட்டையிலேயே கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டாள். நான் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது, "ஏரி மட்டுந்தான் வருது, நீங்க ரெண்டு பேரும் வரவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவை மாடியில நின்னு எங்களையும் எடுக்குறேன். உன் தம்பியை அழகா காட்டுறேன், பொண்ணு வீட்டுக்காரங்களுக்கும் அனுப்பலாம்" என்றார்.

அவ்வளவுதான். மாடிக்குப் போகச் சொன்னது நான் இல்லை, அவர்களாகப் பேசி முடிவு செய்தது. மொட்டை மாடியில் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டதால் இடித்திருந்தார்கள், புதிதாகக் கட்டவில்லை. குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தது. அதை அவிழ்த்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். தொய்ந்துபோய் அழுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது, சுருட்டி ஓரமாக வைத்தேன். எனக்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்று அவரை ஏரியைப் பார்த்து நிற்கச் சொன்னேன். இடித்த பக்கம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. காற்று ஏரிப் பக்கமிருந்து வந்தது. ட்ரோனை எழுப்பி, அதன் முகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். முகம் நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் எல்லாமே மாறிவிடும். தள்ளிப் போகட்டும் என்று குச்சியை முன்னால் தள்ளினால் நம்மிடமே வரும். அந்தப் பாடத்தை நான் இன்னும் நடத்தவில்லை.

"பின்னாடி பாத்துக்க மச்சான்" என்றார்.

"நான் இருக்கேன் அத்தான்" என்றேன்.

அது பொய் இல்லை. அவர் வரும் வழியை விட்டுச் சற்று ஒதுங்கி, கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். ட்ரோன் நெருங்கி வந்தது. அவர் அதைத் தள்ளத் தள்ள இன்னும் நெருங்கியது. "டேய், இது என்னையே முட்ட வருதுடா" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார். முதுகு என் கண்ணெதிரே இருந்தது. வியர்வை கழுத்திலிருந்து இறங்கிச் சட்டையில் பெரிய வட்டமாகப் பரவியிருந்தது. அதில் கை வைக்க வேண்டும் என்று நினைத்தபோதே எனக்கு உடம்பு கூசியது. என் கைகள் பின்னால் கோத்தபடி இருந்தன, படத்தில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி அடியைக்கூடத் தயங்காமல்தான் எடுத்து வைத்தார்.

நான் அவரைத் தொடவே இல்லை. இது எனக்குச் சாதகமான விஷயம் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தொடாததுதான் கொலை என்று உங்கள் உதவி ஆய்வாளர் நேற்று சொன்னார். யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வது சரி. கை படாவிட்டால் வரலாம் என்று அத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வா என்றேன், வந்தார். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ட்ரோன் மாடியிலேயே விழுந்து கிடந்தது. அதிலிருந்த மெமரி கார்டை ஏன் அழிக்கவில்லை, அவ்வளவு அஜாக்கிரதையா என்று நீங்கள் சிரித்தீர்கள். அஜாக்கிரதை இல்லை. அவர் கைபட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. தொட மனம் வராமல் ஒரு கம்பால் தள்ளி ஒரு பையில் போட்டு அலமாரிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பிறகு வீட்டைச் சுத்தம் செய்தேன். தரையை மருந்து போட்டுக் கழுவினேன். அவர் துண்டு, டூத்பிரஷ், தட்டு, நகவெட்டி எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். வீடு முதல்முறையாக வீடு மாதிரி மணத்தது. அக்கா நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஊன்றுகோலோடு எழுந்து, துவைக்கப் போட்ட வாளிக்குள்ளிருந்து அவர் சட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். வியர்வை காய்ந்து உப்புப் பூத்த சட்டை. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டே நாள் முழுக்கக் கிடந்தாள். "குடுக்கா, நாறுது, துவைச்சுத் தர்றேன்" என்று இழுத்தேன். அப்போதுதான் அவள் என்னைச் சரியாகப் பார்த்தாள்.

"அவர் கடைசியா எடுத்த படம் எங்கடா?" என்று கேட்டாள்.

என் பார்வை போன இடத்தைக் கவனித்து, அலமாரிக்கு அடியில் கைவிட்டு அவளே எடுத்தாள். அவளே பார்த்தாள். உங்களைக் கூப்பிட்டதும் அவள்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, துக்கத்தில் இருப்பவள். இதையெல்லாம் நான் யாருக்காகச் செய்தேன் என்று ஆறிய பிறகு யோசிப்பாள். அப்படி ஒரு மனிதரோடு ஒரே கட்டிலில், ஒரே தட்டில் ஒரு பெண் எத்தனை காலம் குடித்தனம் நடத்த முடியும்? அவளைக் காப்பாற்ற வேறு யார் இருந்தார்கள்?

அவரைப் பற்றி அக்கா என்னிடம் எப்போதாவது குறை சொன்னாளா என்று கேட்கிறீர்கள்.

இல்லை. ஒரு நாளும் இல்லை. அவர் கடித்து வைத்த மீதிப் பழத்தை எடுத்து என் கண் முன்னாலேயே தின்பாள், ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் அருவருப்புப்பட வேண்டியிருந்தது.