நூறாவது ஊசி

தோளில் இழுக்காத வெள்ளைக் கோட்டு கிடைப்பது அரிது. நான் போட்டிருப்பதைப் பாருங்கள், கையைத் தூக்கினாலும் மடிப்பு விழாது. இதைத் தைத்தவருடைய மரணத்தைத்தான் நீங்கள் விசாரிக்கிறீர்கள் என்பதால், முதலில் அவர் வேலையைப் பாராட்டிவிடுகிறேன்.

ஈரல் புற்றுநோய்க்கு வயிற்றைக் கிழிக்காமல் வைத்தியம் செய்வது என் தொழில். ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியைத் தோல் வழியாகக் கட்டிக்குள் இறக்கி, நுனியைச் சூடாக்கிக் கட்டியைப் பொசுக்கிவிடுவேன். மறுநாள் நோயாளி நடந்தே வீட்டுக்குப் போவார். தொண்ணூற்றொன்பது பேருக்குச் செய்திருந்தேன். ஒருவருக்கும் கட்டி திரும்ப வரவில்லை. தையற்காரர் நூறாவது ஆள்.

அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வெளியூர் மருத்துவர்கள் என் கைவேலையைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். "மூச்சை அடக்குங்க, அசையாதீங்க" என்றேன். தையற்காரர் சொன்ன பேச்சைத் தட்டாமல் கிடந்தார். ஊசியை உருவியதும் கைதட்டல் எழுந்தது.

"தையலே போடலையா டாக்டர்? எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா எங்க பொழப்புல மண்ணுதான்" என்று அவர் படுத்தபடியே சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்தச் சத்தம் ஓய்வதற்குள் கடைசிப் படம் திரைக்கு வந்தது. பொசுக்கிய இடத்தைச் சுற்றி ஒரே சீராக மெல்லிய வளையம் தெரிந்தால் கவலை இல்லை, சூடு பட்ட சதை அப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தடித்துப் பிறைபோலத் தெரிந்தால், கட்டி மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஸ்கேன் எடுத்த பெண் திரையில் விரல் வைத்தாள்.

"சார், இந்த ஓரம் மட்டும் தடிப்பா இருக்கே. இன்னொரு தடவை சுட்டுடலாமா?"

"வளையம்தாம்மா அது. நீ அடுத்த வேலையைப் பாரு."

மறுபடி ஊசி இறக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் கைதட்டிவிட்டு எழுந்தவர்களை மறுபடி உட்காரச் சொல்வது எப்படி? விருந்தினரைச் சங்கடப்படுத்துவது என் வளர்ப்பில் இல்லை.

மூன்றாம் மாதப் படத்தையும் நானே பார்த்தேன். ஊசி போட்டவரே முடிவையும் எழுதுவதுதான் எங்கள் பிரிவில் வழக்கம். பிறை வேர்க்கடலை அளவுக்குத் திரண்டிருந்தது. அப்போதும் ஓர் ஊசியில் முடிந்திருக்கும். ஆனால் மறுவாரம் மாநாட்டில் நூற்றுக்கு நூறு என்று பேச வேண்டியிருந்தது. 'ஆறிவரும் தழும்பு' என்று எழுதினேன்.

"வேற யார்கிட்டயாவது ஒரு தடவை காட்டிடலாமா டாக்டர்?" என்று அவர் மனைவி கேட்டார்.

"எதுக்கும்மா வீண் அலைச்சல்? நான் இருக்கேன்ல."

அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. ஒருவரின் பயத்தைப் போக்குவதில் உள்ள நிறைவே தனி.

ஆறாம் மாதம், "உங்களுக்கு ஒரு கோட்டு தைச்சுக் குடுத்தாத்தான் என் மனசு ஆறும் டாக்டர்" என்று தையற்காரர் அளவு நாடாவோடு வந்து நின்றார். என் தோளை அளந்தபோது அவர் கண்ணில் மஞ்சள் படர்ந்திருப்பதை மிக அருகில் பார்த்தேன். "அசையாதீங்க டாக்டர்" என்றார். நான் அசையவில்லை. வாயும் திறக்கவில்லை, அளவு தப்பிவிடும்.

ஒன்பதாம் மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். கோட்டு அதற்கு முன்பே வந்துவிட்டது. சொன்ன தேதியில் கொடுக்கும் மனிதர்.

ஸ்கேன் எடுத்த அந்தப் பெண் பத்திரப்படுத்தியிருந்த முதல் நாள் படத்தை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. அது பிறைதான். பார்த்த கணமே தெரியும். தெரிந்தேதான் வளையம் என்றேன். தெரிந்தேதான் தழும்பு என்று எழுதினேன். தோளை அளக்கக் கொடுத்து நின்றதும் தெரிந்தேதான்.

உங்கள் அறிக்கையில் ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். 'கட்டி திரும்ப வந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். போகவே போகாத ஒன்று எப்படித் திரும்ப வரும்? என் நூறு இன்னும் நூறுதான்.