பிரிந்த குரல்களை அடுக்கிய கசோண்டே

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, கசோண்டே அம்மையாரின் பிள்ளைகளே, ஆளுக்கொரு பக்கமாக அமர்ந்து அழுதுகொண்டிருக்கும் என் பாடகர் குழுவினரே, துயரத்தோடு உங்களை வணங்குகிறேன்.

போய்விட்டாரே! ண்டோலா நகரில் நம் ஆலயப் பாடகர் குழுவைத் தாங்கிய கசோண்டே மும்பி, மூச்சிரைப்புக்கு இரையாகிப் போய்விட்டாரே!

ஆலயத்தில் மேளம் அடிக்கலாமா கூடாதா என்று சண்டையிட்டு நாம் இரண்டாகப் பிரிந்தோம். அதற்காகத் தூக்கம் கெட்டவர் யார்? அவர்தான். கைபேசியோடு வீடு வீடாகப் போனார். சுருதி கேட்கும் ஒலிப்பானைக் காதில் மாட்டிவிட்டு, எதிரொலி வராதிருக்கத் துணி அலமாரிக்குள் முகத்தை நீட்டச் சொல்லி, ஒவ்வொருவரையும் தனியே பாடவைத்துப் பதிந்தார். அடிக்குரல் பாடும் சிக்வாண்டா அன்று என்னிடம் சிரித்தார்: "அண்ணே, என் பொண்டாட்டி துணிங்களுக்குக் கச்சேரி பண்ண வச்சுட்டாங்க!"

பிறகு வீட்டில் உட்கார்ந்து குரல்மேல் குரலாக அடுக்கினார். ஆள் குறைந்த இடத்தில் தாமே பாடினார். ஒருமுறை கைபேசியருகில், மறுமுறை கதவோரம் நின்று, வேறொரு பெண்ணைப்போல. அதை ஞாயிறு ஆராதனையில் ஒலிக்கவிட்டார். பிரிந்த நாம் அத்தனை பேரும் அந்தப் பதிவில் ஒன்றாகப் பாடினோம்!

நடந்தது என்ன? உச்சக்குரல் பாடும் நசிலேலே அம்மையார் எழுந்தார். "என் குரலை அந்தப் பக்கத்து ஆளுங்க குரலோட சேக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா?"

"கேக்காம செஞ்சது தப்புதான் அக்கா," என்றார் கசோண்டே. "ஆனா நல்லா இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க."

இரு தரப்பும் அவரை விலக்கியதுதான் மிச்சம். அதன்பின் எல்லாக் குரல்களையும் தாமே பாடிப் பதிந்தாராம். "மூச்சு வாங்கும், நிறுத்துவாங்க, மறுபடி பாடுவாங்க மாமா," என்று அவர் மகள் சொல்லி அழுகிறாள்.

இன்று இரு தரப்பும் வந்து, "கல்லறையில நாங்கதான் பாடுவோம்," என்று என்னிடம் மல்லுக்கு நிற்கிறீர்கள். போதகரோ, "சண்டை எதுக்கு? அவங்க பதிவையே போட்டுடலாம்," என்கிறார். வேண்டாம் ஐயா! நாம் சேர்ந்து நிற்க மறுத்ததால்தானே அந்த அம்மாள் தனியே பாடினார்? அவரை அடக்கம் செய்யும்போதும் அவரையே பாடவைப்பதா?

குழுவை நடத்துகிறவனாக உறுதி கூறுகிறேன்: பாதிக் குழுவைப் பாடவைக்க இனி என் கை உயராது. பெட்டி புறப்படப் போகிறது. நான் கல்லறையில் நிற்பேன். சேர்ந்து வந்தால் பாடுவோம். வராவிட்டால், கசோண்டே மும்பியை ஒரு பாட்டுகூட இல்லாமல் புதைத்துவிட்டு வீடு திரும்புவோம்.