சித்திரையில் அளந்த ஏரி

கைதட்டலை அப்புறம் வெச்சுக்குங்க... முதல்ல ஒரு குட்டிக் கதை. கேட்டு முடிச்சும் உங்களுக்குக் கோபம் வரலைன்னா, நான் இந்த மைக்கைக் கொடுத்துட்டு இறங்கிப் போயிடறேன்.

ஒரு பெரிய ஏரி. மேற்குக் கரையில குள்ளம்பட்டி. கிழக்குக் கரையில மேட்டுக்கொட்டாய். அந்த மேட்டுக்கொட்டாய்ல மாதம்மான்னு ஒரு அம்மா. நாலு ஆடு, கொஞ்சம் கேழ்வரகுக் கொல்லை, அவ்வளவுதான் சொத்து. ஆனா ஊருக்கு ஒண்ணுன்னா முதல் ஆளா வந்து நிப்பாங்க.

ஒரு சித்திரை மாசம்... உச்சி வெயில்... ஏரியில பொட்டுத் தண்ணி இல்லை. பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குது. அந்த வெடிப்பு மேல குடை பிடிச்சுக்கிட்டு ஒரு அதிகாரி நடந்து வர்றார். எதுக்கு வர்றார்? பஞ்சாயத்துக்குப் புதுசா வார்டு பிரிக்க வர்றார்! மாதம்மா என்ன செஞ்சாங்க? வெயில்ல வந்த மனுஷனாச்சேன்னு வேப்ப மரத்தடியில கட்டிலைப் போட்டு, ஒரு சொம்பு மோர் கொடுத்தாங்க.

மோரைக் குடிச்சார். வாயைத் துடைச்சார். கேட்டார்.

"ஏம்மா... இங்கிருந்து குள்ளம்பட்டிக்கு எவ்வளவு தூரம்?"

"கால் மணி நேரம் சார். நீங்களே இப்ப நடந்துதானே வந்தீங்க!"

"அதை எழுதிட்டேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டாங்க. அந்த அம்மா சொன்னது பொய்யா? இல்லைங்க... சத்தியமான உண்மை. ஆனா அவர் தூரத்தைக் கேட்டாரே, மாசத்தைக் கேட்டாரா? கார்த்திகையில இந்த இடம் எப்படி இருக்கும்மான்னு ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கலை. அவருக்கு நேரமில்லை!

பட்டியல் வந்துச்சு. மேட்டுக்கொட்டாய் ஓட்டு இருநூத்துப் பதினாலு. குள்ளம்பட்டியில கிழக்குத் தெரு ஓட்டு இருநூத்து ஆறு. ரெண்டையும் கூட்டி ஒரே வார்டு! கணக்கு சரியா இருக்கு பாருங்க... எல்லா வார்டும் நானூத்துச் சொச்சம். வாக்குச்சாவடி எங்கே? குள்ளம்பட்டி பள்ளிக்கூடத்துல. கால் மணி நேர நடைக்குத் தனிச் சாவடி எதுக்குன்னு விட்டுட்டாங்க.

தேர்தல் எப்ப வந்துச்சு தெரியுமா? கார்த்திகையில!

அந்த வார்டுக்கு மாதம்மாவே நின்னாங்க. ஒரே ஒரு வாக்குறுதிதான்... "ஏரியைச் சுத்தி ஒரு தார் ரோடு போட வைப்பேன்." ஏன்னா ஒவ்வொரு மழைக்கும் பிரசவத்துக்குப் போற பொண்ணுங்களைக் கட்டிலோட தூக்கிட்டுப் போற ஊரு அது. அவங்க மருமகளையே அப்படித்தான் தூக்கிட்டுப் போனாங்க. வழியிலேயே குழந்தை செத்துப் போச்சு.

ஓட்டுப் போடுற நாள். ஏரி ததும்புது. இந்தக் கரையில நின்னா அந்தக் கரைப் பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரியுது... போக முடியலை! பரிசல் இருக்கேன்னு போனா, "காத்து பலமா இருக்கு, ஆபத்து, யாரும் ஏறக் கூடாது"ன்னு போலீஸ் நிறுத்திட்டாங்க. சுத்திப் போனா பதினோரு கிலோமீட்டர். முழங்கால் வரைக்கும் சேறு. கைக்குழந்தைக்காரி நடப்பாளா? எழுபது வயசு ஆளு நடப்பாரா? ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தாங்க. இருநூத்துப் பதினாலுல... ஒன்பது பேர்!

மாதம்மா தோத்துப் போனாங்க. அதோட ரோடும் போச்சு.

அதைக் கூடப் பொறுத்துக்கலாம்ங்க. அதுக்கப்புறம் ஆபீஸ்ல ஒரு அறிக்கை எழுதினாங்க பாருங்க... அதை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. என்ன எழுதினாங்க? "மேட்டுக்கொட்டாய் மக்களுக்கு வாக்களிக்க ஆர்வம் இல்லை." ஆர்வம் இல்லையாம்! சேத்துல பதினோரு கிலோமீட்டர் நடந்து போனவனைப் பார்த்து... ஆர்வம் இல்லையாம்!

மாதம்மா தனிச் சாவடி கேட்டு ஒரு மனுவை எடுத்துக்கிட்டு நேரா அதே அதிகாரிகிட்ட போனாங்க. அவர் சிரிச்சுக்கிட்டே காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"ஏம்மா, கால் மணி நேரம்னு நீங்கதானே சொன்னீங்க? இது உங்க கையெழுத்துதானே?"

அந்த அம்மா அழலை. சண்டை போடலை. காகிதத்தைப் பார்த்தாங்க... அவரைப் பார்த்தாங்க... சொன்னாங்க.

"என் கையெழுத்துதான் சார். அன்னைக்கு நடந்து வந்தீங்களே... அதே வழியில இன்னைக்கு ஒரு தடவை நடந்து வாங்க. மோர் வெச்சிருக்கேன்."

 

மக்களே... இந்தக் கதையை நான் ஏன் இங்க வந்து சொல்றேன்? உங்க நகராட்சிச் சுவத்துல புது வார்டு வரைபடம் ஒட்டியிருக்காங்களே, பார்த்தீங்களா? தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அண்ணா நகர் பாதி, அந்தப் பக்கம் மில் காலனி பாதி, ரெண்டும் ஒரே வார்டு! நடுவுல கேட் இருக்கா? பாலம் இருக்கா? ஒரு சுரங்கப்பாதை இருக்கு... ஒரு மழை பேஞ்சா அதுல இடுப்பளவு தண்ணி! தலையை எண்ணிச் சரி பாதியாப் பிரிச்சுட்டா நியாயம் வந்துடுமா? அந்தத் தலைக்குக் கீழே கால் இருக்கு. கால் நடக்கத் தரை வேணும். தரையைப் பார்க்காம கோடு போட்டா, உன் ஓட்டு உன் கையிலதான் இருக்கும்... பெட்டிக்குப் போய்ச் சேராது!

ஆட்சேபணை சொல்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. வீட்டுக்கு ஒருத்தராவது நகராட்சி ஆபீசுக்கு வாங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு நானே உக்காந்து எழுதித் தர்றேன். இன்னொண்ணும் சொல்லிட்டுப் போறேன்... நாளைக்கே ஒரு அதிகாரி உங்க வாசலுக்கு வருவார். தாகத்துக்கு மோர் கொடுங்க, தப்பில்லை. ஆனா "அந்தப் பக்கம் எவ்வளவு தூரம்?"னு கேட்டார்னா... பதில் சொல்லாதீங்க. கையெழுத்தும் போடாதீங்க. "எந்த மாசத்துல சார்?"னு திருப்பிக் கேளுங்க!