மூன்றாம் அத்தியாயம் யாருடையது

— அந்தச் சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் கீழ வை டீச்சர். பேப்பரெல்லாம் எங்கயும் ஓடிப் போயிடாது.

— இன்னும் பதினேழு இருக்கு. நாளைக்குக் காலையில ஸ்கூல்ல மார்க் கொடுக்கணும். நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, என் காது இங்கதான் இருக்கு. ஏதோ பழைய ஃபைல்னு ஆரம்பிச்சீங்க.

— எங்க பழைய பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் கட்டடத்தை இடிக்கப் போறாங்க. பீரோவையெல்லாம் காலி பண்றப்ப என் பேர் போட்ட ஃபைல் ஒண்ணு கெடச்சிருக்கு. அங்க இருக்கற கிளார்க் போன் பண்ணி, சார், கிழிச்சுப் போடவா, வந்து வாங்கிக்கிறீங்களான்னு கேட்டார். போய் வாங்கிட்டு வந்தேன். உள்ள அந்த மொட்டைக் கடுதாசி இருந்துது.

— எந்த மொட்டைக் கடுதாசி?

— என் ஆயுசுல என்னைப் பத்தி வந்தது ஒண்ணே ஒண்ணுதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி லெக்சரர் வேலை என் கைக்கு வந்து நழுவிப் போச்சே, அதுக்குக் காரணமான கடுதாசி. அன்னிக்குக் கமிட்டியில அதைப் பத்திக் கேட்டாங்களே ஒழிய, கையில கொடுக்கல. இப்பத்தான் கண்ணால பாக்கறேன்.

— அதுக்கென்ன இப்ப. அடுத்த வாரம் ரிட்டயர்மென்ட் கூட்டம். அதுல பேசறதுக்கு ஒரு வரிகூட எழுதல நீங்க. அழைப்பிதழ்ல எவ்வளவு அழகாப் போட்டிருக்காங்க. கோட்பாட்டு இயற்பியல்ல தொடங்கி, மழை, மீன்வளம், மருத்துவம்னு பரந்து விரிந்த ஆய்வுன்னு.

— பரந்து விரிந்ததாம். ஓட ஓட விரட்டினவனைப் பாத்து, ஊரெல்லாம் சுத்திப் பாத்திருக்கார்னு பாராட்டறாங்க. பிசிக்ஸ்ல இடமில்லன்னு ஆனதும் மழையை எண்ணினேன். அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சதும் மீன். அப்புறம் ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை, பஸ் ஸ்டாப்புல கூட்டம். கடைசியா, யார் எழுதினதுன்னே தெரியாத பழைய கடிதங்களை வச்சுக்கிட்டு, எழுதினது யாருன்னு கண்டுபிடிக்கிற வேலை. எந்தக் கதவு திறந்திருந்துதோ அதுல நுழைஞ்சேன். அவ்வளவுதான் என் பரந்து விரிந்த ஆய்வு.

— அதுல பேர் வாங்கினீங்கல்ல.

— வாங்கினேன். இப்ப அதுதான் வினையாப் போச்சு. இந்தக் கடுதாசியையும் அதே மாதிரி எண்ணிப் பாத்தேன்.

— என்னத்தை எண்ணினீங்க?

— சின்னச் சின்ன வார்த்தைங்களை. பெரிய வார்த்தையை எல்லாரும் யோசிச்சுத்தான் போடுவாங்க. 'எனவே', 'ஆகையால்', 'இருந்தாலும்' இதெல்லாம் தன்னையறியாம வந்து விழறது. ஒருத்தர் எத்தனை வார்த்தைக்கு ஒரு தடவை எதைப் போடறாங்கங்கறது கைரேகை மாதிரி. கடுதாசி ரெண்டு பக்கம்தான், கம்மிதான். ஆனா தோராயமாவாவது சொல்ல முடியும்.

— எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?

— வேற யாரோட? என் கூட ரிசர்ச் பண்ணினானே நெட்டை, அவன் எழுதினதையெல்லாம் தேடி எடுத்தேன். அவனோட தீசிஸ், பேப்பர், நாங்க ஒரே ரூம்ல இருந்தப்ப அவன் லீவுல ஊருக்குப் போய் எனக்குப் போட்ட லெட்டர், எல்லாம். என் தீசிஸ்ல மூணாம் அத்தியாயத்தோட நெளிவு சுளிவு தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அவன்தான் காட்டிக் கொடுத்தான்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன். கணக்குப் போட்டு உறுதிப்படுத்திட்டா, கூட்டத்துல தலை நிமிர்ந்து நின்னு பேசலாம்னு ஒரு ஆசை.

— உறுதி ஆச்சா?

— பேனாவைக் கீழ வச்சுட்டியே.

— உறுதி ஆச்சான்னு கேக்கறேன்.

— ஆகல. அவன் எழுதல. கொஞ்சம்கூட ஒத்துப் போகல. நாலு தடவை போட்டுப் பாத்தேன்.

— அப்ப அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க.

— கேக்கறேன். ஆனா அதோட முடியலியே. கேளு. இந்த மாதிரிக் கணக்குக்கு, சம்பந்தமே இல்லாத மூணாவது ஆள் ஒருத்தரோட எழுத்தையும் சேத்துக்குவோம், சும்மா ஒப்பீட்டுக்கு. கைக்கு எட்டின தூரத்துல என்ன இருக்குன்னு பாத்தேன். அலமாரியில, நம்ம நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல நீ எனக்கு எழுதின லெட்டர் ஒரு கட்டு இருந்துது.

— ம்.

— 'எனவே'ன்னு நீ ஒரு இடத்துலகூட எழுதினதில்ல. எல்லாம் 'ஆகையால்'தான். அந்தக் கடுதாசியிலும் அப்படித்தான். 'ஆனால்'னு நீ வாக்கியத்தை ஆரம்பிக்க மாட்டே, 'இருந்தாலும்'பே. அதுலயும் அதேதான். நான் மெஷின் மேல சந்தேகப்பட்டேன். என் மேல சந்தேகப்பட்டேன். உன் மேல சந்தேகப்பட எனக்கு மூணு நாள் ஆச்சு.

— டைப்பிங் சென்டர்ல போய் அடிச்சதுதான் அது. குழந்தைக்கு அப்ப நாலு மாசம், மடியில வச்சுக்கிட்டேதான் சொல்லச் சொல்ல அடிக்க வச்சேன். குறியீடெல்லாம் அந்தப் பொண்ணுக்கு அடிக்க வராதுன்னு எல்லாத்தையும் வார்த்தையிலேயே சொன்னேன். அதான் ரெண்டு பக்கம் போச்சு.

— இவ்வளவு சாதாரணமாச் சொல்றே.

— இல்லன்னு சொல்லுவேன்னு எதிர்பார்த்தீங்களா?

— ஆமா. இல்லன்னு சொல்லு, என் கணக்கு தப்புன்னு சொல்லு, கிழிச்சுப் போட்டுட்டு வந்து உன் கூட உக்காந்து பேப்பர் திருத்தறேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இந்த ரூமுக்குள்ள வந்தேன்.

— கணக்கு சரிதான்.

— ஒரே வீட்டுல, ஒரே தட்டுலன்னு சொல்லுவாங்களே, அப்படி இருந்திருக்கோம். அந்த வேலை கிடைக்கலன்னு தகவல் வந்த அன்னிக்கு நான் வாசல்லயே உக்காந்துட்டேன். நீதான் தண்ணி கொண்டாந்து கொடுத்தே. தலையைக் கோதி விட்டே. பண்ணினவங்க நல்லாவே இருக்க மாட்டாங்கன்னு நான் புலம்பினப்ப, அப்படிச் சொல்லாதீங்கன்னு சொன்னே. என்ன பெரிய மனசுன்னு நெனச்சேன் அன்னிக்கு.

— எனக்கும் அது ஞாபகம் இருக்கு.

— அஞ்சு ஊர் மாறினோம் டீச்சர். ஒவ்வொரு ஊர்லயும் புதுசா ஒண்ணை அடியிலேருந்து படிச்சேன். நாப்பது வயசுல, மீனோட காதுக்குள்ள இருக்கற எலும்பை வெட்டி அதுல வளையம் எண்ணினேன். நெட்டையை விடு. இருபத்தாறு வருஷமா ஒரு ராத்திரிகூட அவனைத் திட்டாம நான் தூங்கினதில்ல. டிபார்ட்மென்ட்ல ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொன்னேன். அவன் கூடச் சேந்து பேப்பர் எழுத ஆள் இல்லாமப் போச்சு, ரெண்டே வருஷத்துல கிளம்பிட்டான். இப்ப ஏதோ ஒரு காலேஜுல முதல் வருஷப் பசங்களுக்கு லேப் எடுக்கறானாம். ஒரு தடவை வாசல் வரைக்கும் வந்தான், ஒரு வார்த்தை பேசணும்னு. மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினேன். நீ உள்ளதான் இருந்தே.

— இருந்தேன். அவர் படியிறங்கிப் போற சத்தம் கேட்டுது. அப்பவே வெளிய வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. அவரை அப்படி விட்டது என் தப்பு. அதுக்கு நான் ஒரு சாக்கும் சொல்லப் போறதில்ல, அடுத்த வாரம் நானே போய் அவர் கால்ல விழறேன். ஆனா கடுதாசி எழுதினதுக்கு மட்டும் என்னை மன்னிப்புக் கேக்கச் சொல்லாதீங்க.

— ஏன்? அப்படி என்ன கெடுதல் பண்ணினேன் உனக்கு?

— அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா, இல்ல 'ஆகையால்' எத்தனைன்னு மட்டும் எண்ணினீங்களா?

— படிச்சேன்.

— வாய்விட்டுப் படிங்க. முதல் வரி.

— 'இவ்வாய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தின் மையக் கருத்து இவருடையது அன்று.'

— பொய்யா அது?

— ஆராய்ச்சின்னா நாலு பேர் கூடிப் பேசறதுதான். யார் எதை முதல்ல சொன்னாங்கன்னு யார் குறிச்சு வச்சுக்கறாங்க? நாம பேசினதுல ஏதோ ஒண்ணு வந்திருக்கும்னே வச்சுக்குவோம்.

— வச்சுக்க வேணாம். நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. டாக்டர் என்னைப் படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தார், ஏழாவது மாசம். நீங்க ரெண்டு பேரும் தினமும் சாயங்காலம் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்துல மேஜையைப் போட்டுக்கிட்டு மண்டையை உடைச்சுக்குவீங்க. ஒரு இரும்புத் துண்டுக்குள்ள கோடிக்கணக்கான அணு. ஒவ்வொண்ணும் பக்கத்து அணு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் திரும்பப் பாக்கும். சூடு ஏற ஏற, எந்த இடத்துல அந்த ஒத்துமை கலையுது? இதான் கேள்வி. மூணு வருஷமா நீங்க அணுவை எண்ணிக்கிட்டிருந்தீங்க.

— ஆமா.

— நானும் கணக்குல எம்.எஸ்ஸி. முதல் ரேங்க். கல்யாணத்துக்கு அப்புறம் அது எல்லாருக்கும் மறந்து போச்சு, எனக்கே கூட. பகல் முழுக்கப் படுத்துக்கிட்டு மேல சீலிங்கைப் பாத்தா வேற என்ன தோணும்? ஒரு நீள நோட்டுல பதினாலு பக்கம் எழுதினேன். அன்னிக்குச் சாயங்காலம் உங்ககிட்ட சொன்னேன். அணுவை எண்ணாதீங்க, இப்படிப் பாக்கறதுக்கும் அப்படிப் பாக்கறதுக்கும் நடுவுல ஓடுதே வேலி, அந்த வேலியோட நீளத்தை எண்ணுங்க, எல்லாம் தானா வந்துடும்னு. நெட்டை எந்திரிச்சு நின்னுட்டார். நீங்க நோட்டைக் கையில வாங்கிக்கிட்டீங்க. அது திரும்பி வரவே இல்ல.

— அந்த நோட்டு எனக்கு ஞாபகமே இல்ல.

— அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டேன். தீசிஸ் அச்சாகி வந்துது. மூணாம் அத்தியாயம், நாப்பது பக்கம். வேலிங்கற வார்த்தையை எல்லைக்கோடுன்னு மாத்தியிருந்தீங்க. நன்றி சொல்ற பக்கத்தைத் தேடி எடுத்தேன். கைடுக்கு நன்றி. நெட்டைக்கு, நல்ல விவாதங்களுக்காக நன்றி. கடைசியில, 'வேளாவேளைக்கு உணவளித்துப் பொறுமை காத்த என் மனைவிக்கு.' நான் அப்ப படுத்த படுக்கையா இருந்தேங்க. சமைச்சதே நீங்கதான்.

— எல்லாரும் எழுதற மாதிரி எழுதிட்டேன். யோசிக்கல.

— கேட்டிருக்கலாமேன்னு தோணும். கேட்டேன். என்னங்க, என் வேலி எப்படியிருக்குன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன். குழந்தை அழுவுது, போய்ப் பாருன்னீங்க.

— சரி, என் மேல கோபம். என்னைத் திட்டியிருக்கலாம், நோட்டைக் கொடுன்னு சண்டை போட்டிருக்கலாம். கமிட்டிக்கு எழுதுவாங்களா? எழுதினதுதான் எழுதினே, வேறொருவருடையதுன்னு போட்டியே, உன் பேரைப் போட வேண்டியதுதானே?

— என் பேரை நானே போட்டுக்கிட்டா அதுல என்ன இருக்கு? அதை நீங்க சொல்லணும்னு நெனச்சேன். கடுதாசி போனா உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. கேட்டா உங்களுக்கு ஞாபகம் வந்துடும். அட, ஆமா சார், அது என் வீட்டுக்காரி சொன்னதுன்னு சொல்லுவீங்க. வீட்டுக்கு வந்து, உன்னால இன்னிக்கு மாட்டிக்கிட்டேன் டீன்னு சொல்லிச் சிரிப்பீங்க. ரெண்டு பேர் பேரும் போட்டுப் புதுசா அச்சடிப்போம். அவ்வளவு தூரம் யோசிச்சுத்தான் அந்த டைப்பிங் சென்டர் படியேறினேன். நீங்க வெளிய வந்து, நெட்டை துரோகம் பண்ணிட்டான்னு சொன்னீங்க. அன்னிக்கு அந்த மேஜையைச் சுத்தி மூணு பேர் இருந்தோம் புரொபசர். நீங்க ரெண்டு பேரைத்தான் எண்ணியிருக்கீங்க.

— இத்தனை வருஷம் இதை மனசுல வச்சுக்கிட்டு எப்படி என் கூடக் குடும்பம் நடத்தினே?

— ஒரே ஒரு சமாதானத்துல. இவர் திருடல, மறந்துட்டார். காதுல விழுந்தது யாரோட குரல்னு மறந்துட்டார். மறதிக்காரரோட குடும்பம் நடத்தலாங்க, சாவியைத் தேடிக் கொடுக்கற மாதிரி அப்பப்ப எதையாவது தேடிக் கொடுத்தாப் போதும். நானும் ஸ்கூல்ல கணக்கு டீச்சராப் போனேன், பாதி நாள் எனக்கே மறந்துடும்.

— அந்த ஃபைலை நான் வாங்காமலே இருந்திருக்கலாம்.

— வாங்கினது நல்லதுதான். எனக்கும் கேக்கறதுக்கு ஒண்ணு இருக்கு. ரொம்ப வருஷமா வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போன கேள்வி. அன்னிக்குக் கமிட்டி ரூமுக்குள்ள நடந்ததை நீங்க ஒரு நாளும் முழுசாச் சொன்னதில்ல. கடுதாசி வந்துது, வேலை போச்சு, அவ்வளவுதான் சொல்லுவீங்க. உள்ள என்ன கேட்டாங்க?

— எதுக்கு இப்ப அது?

— சொல்லுங்க.

— தலைவர் நல்ல மனுஷன். மத்தவங்களைப் பேச விடல. தம்பி, இதுல ஒண்ணும் குடி முழுகிப் போயிடல, அது யாரோட யோசனைன்னு ஒரு பேரைச் சொல்லு, ஒரு வரி சேத்துடுவோம், வேலை உனக்குத்தான்னார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— கதவுல கண்ணாடி பதிச்சிருந்துது. வெளிய பெஞ்சுல நீ குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டிருந்தே. உன்னைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன், எல்லாமே என்னோடதுதான் சார்னு.