கரடிக்குக் கடைசிக் கவளம்

இல்லீங்க மேடம், உங்க பேச்சை மொழிபெயர்க்கறப்ப நடுவுல நின்னேனே, அது வார்த்தை தெரியாம இல்ல. நீங்க இங்கிலீஷ்ல சொன்னது நல்லாவே புரிஞ்சுது. அதுக்கு எங்க ஸ்லோவாக் பாஷையில வார்த்தையும் இருக்கு. வாய்லதான் வரல. மண்டபமே என்னைப் பாத்துச்சு, நீங்களும் பாத்தீங்க. அப்புறம் சொல்லிட்டேன்ல, ஒரு எழுத்து விடாம? நீங்க திரையில காட்டின கரடி இருக்கே, அதைச் சுட்டவரு ஜெயிலுக்குப் போவாரா வீட்ல இருப்பாராங்கிறது இன்னிக்குக் கூட்டத்துல பேசற இந்தச் சட்டத்திருத்தத்துலதான் தொங்குது. அதான் எல்லாரும் அப்படிப் பாத்தாங்க.

முதல்ல சூப்பைக் குடிங்க. முட்டைக்கோஸ் சூப்பு ஆறிட்டா புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். அந்தக் கசகசா கேக்கும் ஒண்ணு எடுத்துக்கங்க, அதைச் செஞ்ச யார்மிலா அக்கா கண்ணு உங்க தட்டுலயேதான் இருக்கு. நீங்க பேசினதைக்கூட மன்னிச்சிருவாங்க, கேக்கை வேணாம்னா மன்னிக்க மாட்டாங்க. இடைவேளை முடிய நேரம் இருக்கு, சாப்பிடுங்க. ஊர்த்தலைவர் ஹுதாக் ஐயா வெளிய போய் சிகரெட்டைப் பத்த வெச்சாருன்னா ஒண்ணோட நிறுத்த மாட்டாரு.

ஐயோ, என் இங்கிலீஷ் எங்க நல்லா இருக்கு! கல்யாணத்துக்கு முன்னாடி அயர்லாந்துல காளான் பண்ணையில வேலை பாத்தேன். மேஸ்திரி திட்டத் திட்டக் கத்துக்கிட்டது. கத்தி, பெட்டி, சீக்கிரம், சோம்பேறி, இதெல்லாம் அத்துப்படி. சட்டத்திருத்தத்தைப் பத்திக் காளான் பண்ணையில யாரு பேசுவா? பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே அகராதியைப் புரட்டினேன். வேணும்னா தலைநகரத்துலேர்ந்து மொழிபெயர்க்க ஆள் அனுப்பறோம்னாங்க. ஹுதாக் ஐயாதான் வேணாம்னுட்டாரு. நம்ம பேச்சை அவன் சீப்பு போட்டு வாரி, பவுடர் பூசி அனுப்புவான், நீயே சொல்லு ஸ்லாவ்கான்னாரு.

எங்க ஆளுங்க பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. அந்தப் பெரிய மீசைக்காரர், உங்க ஸ்காட்லாந்துல கரடியே இல்லையாமே, ஒரு பத்து அனுப்பறோம், தபால் செலவும் எங்களுதுன்னாரே, அதையும் அப்படியேதான் சொன்னேன். நல்லவேளை, நீங்க சிரிச்சீங்க. இல்லாட்டி எனக்குத்தான் வேர்த்திருக்கும்.

கரடிக்காகப் பேச வந்த உங்களையும் தப்பு சொல்ல மாட்டேன். வீட்டுப் பக்கம் வர்ற கரடியை அனுமதி கேக்காமலே சுடலாம்னு சட்டத்தை மாத்தினா, பழம் தின்ன வர்றது, குட்டியோட வர்றது எல்லாத்தையும் சுட்டுத் தள்ளிருவாங்கன்னீங்க. ஆமா, சுட்டுருவாங்க. சிலபேரு இப்பவே துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்காங்க. காட்டு ஓரம் வரைக்கும் மக்காச்சோளம் போட்டது யாரு? குப்பைத்தொட்டியைத் திறந்து போட்டது யாரு? நாங்கதான். விருந்து வெச்சுட்டு வந்தவன் மேல கோவப்பட்டா எப்படி?

ஆனா, கொன்னது பத்தாதுன்னு வாய்ல ஒரு கொப்பைச் செருகிக் கேலி பண்ணியிருக்கான் பாருங்கன்னீங்களே, அங்கதான் மேடம் நின்னுட்டேன்.

அது கேலி இல்ல. கடைசிக் கவளம்னு சொல்லுவோம். மானோ பன்றியோ, சுட்டவன் தொப்பியைக் கழட்டிட்டு, பக்கத்து மரத்துல ஒரு கொப்பு ஒடிச்சு அது வாய்ல வெப்பான். உன்னைப் பட்டினியா அனுப்பல, மதிச்சுத்தான் அனுப்பறேன்னு அர்த்தம். எங்கப்பாவும் வேட்டைக்காரர். அதைச் செய்யாம ஒரு மானைக்கூடத் தொட்டுத் தூக்க மாட்டாரு.

காட்டிக்குடுத்ததே அந்தக் கொப்புதான். கரடியைக் காட்டு ஓரமா இழுத்துப் போட்டு இலைதழையால மூடியிருந்துச்சு. வனக்காவலர் நாய் மோப்பம் பிடிச்சிருச்சு. வாயைப் பாத்ததுமே போலீசுக்குப் புரிஞ்சுபோச்சு. திருட்டு வேட்டைக்காரன் எங்க கொப்பு வெப்பான்? நேரா எங்க ஊர் வேட்டைச் சங்கத்து ஆளுங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. அந்தச் சங்கத்துல இருக்கிற மத்தூஷ் அவங்களை ரெண்டாவது கேள்வி கேக்க விடல. நான்தான்னுட்டாரு.

அன்னிக்கு நடந்ததா? பிளம் மரத்தடியில தள்ளுவண்டியில பிள்ளை தூங்கிச்சு. பிள்ளையோட அம்மா துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. திரும்பிப் பாத்தா, கரடி வண்டிக்குள்ள மூக்கை விட்டு மோந்துக்கிட்டு இருக்கு. அவ போட்ட சத்தத்துல அது வெலகி, காட்டைப் பாக்கத் திரும்பிருச்சு. அதுக்குள்ள உள்ளேர்ந்து துப்பாக்கியோட ஓடி வந்த மத்தூஷ் சுட்டுட்டாரு. வழக்கே அதுதான். உயிருக்கு ஆபத்துன்னா இப்பவே சுடலாம், சட்டம் இருக்கு. ஆனா குண்டு பின்பக்கமால்ல பாஞ்சிருக்கு? போற கரடியைச் சுட்டிருக்கியேங்கிறாங்க. அந்த நேரத்துல மனுஷன் முன்னாடி பின்னாடி பாப்பானா? வக்கீல் சொல்றாரு, இந்தத் திருத்தம் வந்து, நடக்கிற வழக்குக்கும் பொருந்துச்சுன்னா ஆள் தப்பிச்சிரலாம். இல்லாட்டி உள்ளதான்.

அப்பத் தெரிஞ்சிருந்தா கொப்பு வெக்காம விட்டிருக்கலாமேன்னு கேக்கறீங்க. மத்தூஷ் வெக்கலீங்க. அவரு பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. நான் கிட்டப் போய்ப் பாத்தேன். பொட்டைக் கரடி. காம்புல பால் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என் சட்டையும்தான் நனைஞ்சிருந்துச்சு, பிள்ளை பசிச்சு அழுதுக்கிட்டு இருந்தாளா. சும்மா எப்படிங்க விட்டுட்டு வர்றது? நான்தான் ஒடிச்சு வெச்சேன்.

நான் எப்படி அங்கயா? துணி காயப் போட்டது நான்தானே. மத்தூஷ் என் வீட்டுக்காரர் மேடம். உங்களைத் தவிர மண்டபத்துல எல்லாருக்கும் தெரியும்.

அட, எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. ஹுதாக் ஐயாகிட்டப் போய் வேற ஆள் கேக்க வேணாம். வேற ஆளும் இல்ல. நீங்க எழுதிட்டு வந்ததை மாத்தவும் வேணாம். எனக்காக நீங்க ஒரு வரி விட்டாலும், உங்களுக்காக நான் ஒரு வார்த்தை முழுங்கினாலும், பொண்டாட்டிக்காரி திரிச்சுட்டான்னு ஆகிப்போகும். அப்புறம் எங்க ஊர் சொன்ன நியாயமும் செல்லாது.

அதோ, கதவு திறந்துட்டாங்க. வாங்க, போலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். உங்க பேச்சுல அடுத்து ஒரு பத்தி வருதுல்ல, திருத்தம் வந்தாலும் ஏற்கெனவே நடக்கிற வழக்குக்கு அது பொருந்தக் கூடாதுன்னு? அதை மட்டும் கொஞ்சம் மெதுவா, நிறுத்தி நிறுத்திப் படிங்க மேடம். ஒரே மூச்சுல என்னால சொல்ல முடியாது.