பிந்தியது நகல்

எங்கள் அலுவலகத்தில் நான் எழுதுகிற எதையும் மனிதர் எவரும் வாசிப்பதில்லை. அதில் எனக்கு மனவருத்தமும் இல்லை. வாசிப்பவை ஏஐ ஏஜென்டுகள். எழுதியதை எழுதியபடியே நம்புகிற வாசகர் கிடைப்பது லேசான காரியமா?

கனடாவில், மோர்னிங்சைட்டில் இருக்கிறது எங்கள் சட்ட அலுவலகம். அகதிக் கோரிக்கைகள்தான் பிழைப்பு. வழக்கறிஞர் சிவானி இங்கேயே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. தரகரிடம் கதை வாங்கி வந்த ஒருவரால் அவருக்கு விசாரணையில் பெரிய தலைகுனிவு. அதன் பிறகு ஒரு சின்னக் கருவி செய்வித்தார். இரண்டு வாக்குமூலங்களைக் கொடுத்தால் எத்தனை சொற்றொடர்கள் ஒத்துவருகின்றன என்று எண்ணிச் சொல்லும். வேறொன்றும் தெரியாது அதற்கு. அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று ஏஜென்டுக்கு விளக்கும் குறிப்பு என் பொறுப்பு.

"வாகீசன் அண்ணை, சிம்பிளா எழுதுங்கோ. அதுகளுக்குக் கொமன் சென்ஸ் இல்லை," என்றார்.

சிம்பிளாகத்தான் எழுதினேன். 'மிகவும் ஒத்திருந்தால் இரு தரப்பையும் விசாரிக்க வழக்கறிஞரிடம் கொடுக்கவும்.' நியாயமான வசனம். மாமாங்கம் என்கிற ஆள் வரும்வரை அது அப்படியே கிடந்தது.

மாமாங்கம் மட்டக்களப்பு ஆள். கோலாலம்பூரில் நானும் அவரும் ஒரே அறையில் மாதக்கணக்காகக் கிடந்தோம், கனடாவுக்கு அனுப்புகிறவனுடைய அழைப்புக்காக. நான் முந்திவிட்டேன். அவர் அங்கேயே அகப்பட்டு, தலை நரைத்துத்தான் இங்கே வந்து சேர்ந்தார். யாருமில்லாத அலுவலக வாசலில் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"டேய் மச்சான், நீ இஞ்சயா? இனி எனக்குப் பயமில்லடா. தம்பிட விசயம் முழுக்க உனக்குத் தெரியும்தானே."

தெரியும். அவருடைய தம்பி தினேஸைச் சலூனில் வைத்துத்தான் தூக்கினார்கள். ஒரு கன்னம் வழித்தாயிற்று, மற்றக் கன்னத்தில் நுரை. "அண்ணே, மிச்சத்த வந்து எடுப்பம்," என்று சலூன்காரரிடம் சொல்லிவிட்டு அவர்களுடைய வான் வண்டியில் ஏறினானாம். பிறகு ஆளில்லை. மாமாங்கம் இதைச் சோறு வடிக்கும்போதும் சொல்வார், உடுப்புத் தோய்க்கும்போதும் சொல்வார்.

அகதிக் கோரிக்கையில் சொல்ல எனக்கு ஒரு கதையும் இருக்கவில்லை. கொழும்பில் மாமாவின் கடையில் இருந்துகொண்டு சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். சும்மா வந்தவனை எந்த நாடு எடுக்கும்? ஆகவே என் வாக்குமூலத்தில் தினேஸ் என் தம்பி. பெயரைக்கூட மாற்றவில்லை, மாற்றினால் விசாரணையில் நாக்குத் தடுமாறும். என் வழக்கைப் பார்த்ததும் இதே அலுவலகம்தான், சிவானியின் காலத்துக்கு முந்தி. கோப்பு இன்னும் இருக்கிறது.

புதிய வாக்குமூலம் ஒவ்வொன்றையும் ஏஜென்ட் பழையவற்றோடு ஒப்பிடும். இரு தரப்பையும் விசாரித்தால் என் குடியுரிமை போகும், வீடு போகும், பிள்ளைகள் நடுத்தெருவில். அன்று பின்னேரம் வசனத்தைத் திருத்தினேன். 'மிகவும் ஒத்திருந்தால் திகதியில் பிந்தியது நகல். முந்தியவரை விசாரிக்கத் தேவையில்லை.' மாமாங்கத்தின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. அதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

மறுநாள் ஏஜென்டின் அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சிவானி என் மேசைக்குக் கோப்பிக் கோப்பையோடு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஐ ஆம் சோ சொறி, அண்ணை. உங்கட தம்பியின்ர கதையை அந்தாள் அப்பிடியே களவெடுத்திருக்கு."

"விடுங்கோ தங்கச்சி. பாவம், வழியில்லாமல் செய்திருப்பார்," என்றேன். என் பெருந்தன்மையை அவர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

மாமாங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். காட்டுவதற்கு அவரிடம் ஒரு கடதாசியும் இல்லை, எல்லாம் சுனாமியோடு போய்விட்டன. என்னுடையவற்றைக் கொழும்பில் ஒருவர் நன்றாகவே செய்து தந்திருந்தார். மாமாங்கம் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நீ சொல்லு. தினேஸ் ஆர்ட தம்பி?"

"என்ர தம்பி," என்றேன். "உங்களை எனக்குத் தெரியாது."

சொல்லும்போது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. சிவானி என் தோளைத் தடவிக்கொடுத்தார். மாமாங்கம் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அவருடைய வழக்கை எங்கள் அலுவலகம் கைவிட்டது. அவரே தனியாகப் போய் வாதாடித் தோற்றார். திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியவரை இரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனார்களாம், அதோடு தகவல் இல்லை. இப்போது அவருடைய தங்கை நிசாந்தினி முறைப்பாடு கொடுத்ததால் என்னை இங்கே இருத்தி வைத்திருக்கிறீர்கள். ஓம், எல்லாம் நான் தெரிந்து செய்ததுதான். கருவியிலும் பிழையில்லை, ஏஜென்டிலும் பிழையில்லை.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தம்பி வருவான், வருவான் என்று மாமாங்கம் அவனுக்கு ஒரு திவசம்கூடக் கொடுக்கவில்லை. நான் வருடம் தவறாமல் ஐயரைக் கூப்பிட்டுக் கொடுக்கிறேன். சித்தப்பாவின் நாள் என்று என் பிள்ளைகள் அன்றைக்கு மச்ச மாமிசம் தொடமாட்டார்கள். ஓர் அண்ணன் செய்ய வேண்டியதில் நான் தினேஸுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.