காலி ஆணி

மதியம் மூன்று மணிக்கு என்ன பேய் என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. ஆள் குமாஸ்தா. பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாதவன்.

அன்று விடுமுறை. பட்டறைகள் வரிசையாக இருக்கிற அந்தச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. கடைசிப் பட்டறை அவனுடைய பெரியப்பாவுடையது. பிள்ளை இல்லாத மனுஷர், தகர வேலையில் கில்லாடி. போன மாதம் அதற்குள்ளேதான் செத்துக் கிடந்தார்.

அந்தத் தகரக் கதவுக்கு ஒரு கெட்ட பழக்கம். அடித்துச் சாத்தினால் வெளிக்கொண்டி தானாக விழுந்துவிடும். அத்தனை வருஷமும் பெரியவர் உள்ளிருந்தே எப்படியோ திறந்து வந்துகொண்டிருந்தார். கடைசி நாள் மட்டும் ஏன் முடியவில்லை என்று யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தார்கள். குமாஸ்தா உடனே அவர் கைகளைத் துணியால் சுற்றிவிட்டான். வீட்டுப் பெண்கள் அந்தக் கைகளைப் பார்க்கவே இல்லை.

இப்போது கருவிகள் அவனுக்கு வந்துவிட்டன. எது என்ன, எதற்கு என்று சீட்டு எழுத வேண்டும். கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். போன் வெளியே பைக்கில்.

அரத்தை உளி என்று எழுதி, சந்தேகம் வந்து அடித்தான். அப்புறம்தான் சுவரைக் கவனித்தான். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் அங்கே தொங்க வேண்டிய கருவியின் உருவம் வெள்ளைப் பெயின்டில். தூசியைத் துடைத்தால் கீழே பெரியவர் கையெழுத்து. உருண்டைத் தலைச் சுத்தியல்... ‘ரிவெட் அடிக்க’. மூக்கு வளைந்த கத்திரி... ‘வட்டம் வெட்ட’. பரவாயில்லை, வேலை சுலபம் என்று ஒவ்வொன்றாக மாட்டினான்.

ஒரே ஒரு ஆணி காலி. அதைச் சுற்றி வரைந்திருந்த உருவம் மெல்லிய முழ நீளப் பட்டை, நுனியில் கொக்கி. அட, இது நம்ம வீட்டு ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்பாச்சே... போன மாதம், பெரியவர் இல்லாத நேரம் பார்த்து, துண்டு இரும்புதானே என்று அவன் கேட்காமல் எடுத்துப் போனது.

டமார்.

கல் நகர்ந்ததா, யாராவது நகர்த்தினார்களா... தெரியாது. வெளியே கொண்டி விழுந்தது.

கத்திப் பார்த்தான். யார் இருக்கிறார்கள் கேட்க? கதவுச் சந்தில் உளி நுழையவில்லை, அரம் நுழையவில்லை. நகக் கனத்துக்குத்தான் இடைவெளி. கூரை ஓட்டை வெளிச்சத்தில் கதவின் அடிப்பக்கம் முழுக்கக் கீறல்கள் தெரிந்தன. காலி ஆணிக்குக் கீழே தூசியைத் துடைத்தான்.

‘வெளியே வர’ என்று எழுதியிருந்தது.

ஈயம் உருகுகிற வாசனை வந்தது. அடுப்போ பற்றவைக்கவே இல்லை. பக்கத்தில், தரையோரம், தகரத்தை யாரோ விரலால் தேய்க்கிற சத்தம்... சர்... சர்...

“பெரியப்பா... நான்தான் எடுத்துட்டுப் போனேன். தெரியாம செஞ்சுட்டேன்.”

சத்தம் நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தானோ. வெளியிலிருந்து அந்தச் சந்துக்குள் மெதுவாக ஒரு கொக்கி நுழைந்தது. கொண்டியைத் தூக்கியது. கதவு திறந்தது. தெருவில் ஆளே இல்லை. வாசற்படியில் அவன் வீட்டு ஜன்னல் இரும்பு மட்டும் கிடந்தது.

வீட்டுக்குப் பறந்தான். அடுப்படி ஜன்னல் சாத்தியிருந்தது.

“இரும்பு எங்க?” என்றான் மனைவியிடம், அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

“யாரோ பெரியவர் ஜன்னல்ல வந்து கேட்டாருங்க. தொண்டை கட்டுன குரல். ‘எங்க பையன் உள்ள மாட்டிக்கிட்டான்மா, அத குடு’ன்னாரு. குடுத்துட்டேன். மூஞ்சி தெரியல, கம்பிக்குள்ள நீட்டுன கை மட்டும்தான் பாத்தேன்.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

“பாவங்க... ஒரு விரல்லகூட நகமே இல்ல.”